பொங்கி வழிதல் தவறான பயன்பாடு

பால் பொங்கி வழிந்தால் அது விசேஷமா விபத்தா என்று முடிவு செய்ய இந்த நாட்டில் ஒரு குழு உட்கார்ந்தது. அந்தக் குழுவில் நானும் இருந்தேன். ஹோட்டலில் ஏர்கான் போட்ட அறை, ஆளுக்கொரு மைக், மேசை நடுவில் மிட்டாய்க் கிண்ணம், மத்தியானத்துக்கு நாசி பிரியாணி. எதற்கும் குறை வைக்கவில்லை.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும். பாயான் லெப்பாஸில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் நான் இன்ஜினியர். ரைஸ் குக்கர், வாட்டர் ஹீட்டர், மின் அடுப்பு என்று வீட்டில் பிளக்கில் செருகுகிற சாமான் எதுவும் கடைக்கு வருமுன் எங்களிடம் வந்து அடிபட்டுப் போக வேண்டும். சூடாக்குவோம், நனைப்போம், கீழே போடுவோம். எதை எப்படிச் சோதிப்பது என்று நாங்களாக முடிவு செய்ய முடியாது. அதற்குத் தேசியத் தரநிலை என்று ஒரு புத்தகம் இருக்கிறது. அதில் உள்ள சோதனைகளில் தேறினால் சாமானுக்கு ஸ்டிக்கர் கிடைக்கும். அதில் இல்லாத விதத்தில் சாமான் ஆளைக் கொன்றாலும் புத்தகம் வாயைத் திறக்காது. மின் அடுப்புக்கான புத்தகத்தைப் புதிதாக எழுதத்தான் அந்தக் குழுவைக் கூட்டியிருந்தார்கள்.

பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது, பயனீட்டாளர்களுக்காகக் குழுவில் இருந்த ஷாஹிரா ஓர் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள். மேலே கண்ணாடித் தட்டு, சுற்றிலும் இரும்புச் சட்டம், முன்னால் ஒரு திருகு. கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே பால் கருகிப் பிடித்திருந்தது. யாரோ ஒரு பெண்ணுக்கு ஷாக் அடித்ததாம், கொதிக்கிற பானை மேலே கவிழ்ந்ததாம். சட்டத்தில் இருந்த சிவப்புக் கறையைக் காட்டி, இது ஏதாவது ரசாயனமா என்று ஷாஹிரா கேட்டாள். குங்குமம் என்றேன். அடுப்புக்கு ஏன் குங்குமம் வைக்கிறார்கள் என்று அடுத்த கேள்வி. அன்று அவளுக்குப் பொங்கலைப் பற்றிச் சொல்லவே எனக்கு ஒரு காப்பி நேரம் ஆனது.

அடுப்பைச் சோதிப்பதோடு என் வேலை முடிந்தது. ஆனாலும் ஷாக் அடித்த பெண்ணைப் பார்க்கப் போனேன். சுங்கை பினாங்கில் பழைய அடுக்குமாடி, உயரத்தில் ஒரு வீடு. கதவைத் திறந்த பெண்ணின் பெயர் நவமணி. வயது முப்பதைத் தாண்டி ரொம்ப நாள் ஆகியிருக்காது. கழுத்திலிருந்து வலது கை விரல்வரை தோல் சுருங்கி இறுகிக் கிடந்தது. விரல்கள் மடங்கவில்லை. தொழிற்சாலையில் சின்னச் சின்னப் பாகங்களைப் பொறுக்கிப் பலகையில் பொருத்துகிற வேலை பார்த்தவள். இந்தக் கையோடு அந்த வேலைக்குப் போக முடியாது.

"லிப்ட் கெட்டுப் போச்சுன்னா கேஸ் தோங் போடுறவன் சிலிண்டரத் தூக்கிக்கிட்டு மேல வரமாட்டேங்கிறான் அக்கா. சரி, கல்லு வெச்சு வெறகுல பொங்கலாம்னா, கோரிடோர்ல நெருப்பு வெக்கக் கூடாதுன்னு மேனேஜ்மெண்ட் நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. அதான் இவரு ஆயர் ஈத்தாம்ல ஒரு கடையில இந்த எலெக்ட்ரிக் அடுப்ப வாங்கிட்டு வந்தாரு," என்றாள்.

பொங்கலன்று வாசலில் கோலம் போட்டு, கம்பிக் கதவு வழியாக எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, கிழக்குப் பார்த்து அடுப்பை வைத்திருக்கிறார்கள். எவர்சில்வர் பானைக்கு மஞ்சள் கட்டி, அடுப்புக்கும் பொட்டு வைத்தாயிற்று. பால் நுரைத்து எழும்பி நாலு பக்கமும் வழிந்தது. நவமணி ஈரத்துணி சுற்றிய ஒரு கையால் பானையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் முதல் பிடி அரிசியைப் போடக் குனிந்தாள். வழிந்த பால் சட்டத்துக்கு அடியில் இறங்கி, மின்சாரத்தைச் சட்டத்துக்கும் பானைக்கும் கொண்டுவந்திருந்தது. அவள் கத்தினாள். அந்த நேரம் வீட்டார், பக்கத்து வீட்டார் எல்லாரும் பொங்கலோ பொங்கல் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவளும் சந்தோஷத்தில் கத்துகிறாள் என்றே நினைத்திருக்கிறார்கள். பானை சாய்ந்து பால் அவள் மேல் கொட்டின பிறகுதான் சத்தம் நின்றது.

அவள் இதைச் சொல்லும்போது கணவன் குணாளன் கைபேசியை நோண்டியபடி சோபாவில் இருந்தான். பட்டர்வொர்த்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். தலையைத் தூக்காமலே சொன்னான்.

"அடுப்பு நல்ல அடுப்புதாங்க. ஸ்டிக்கர் பாத்துதான் வாங்குனேன். இவதான் பால விட்டுட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னா. பொம்பளைக்கு ஒரு கவனம் வேணாமா?"

பொங்கலுக்குப் பால் வழியாமல் வேறென்ன செய்யும் என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அடுப்பின் மேல் தப்பு என்றால் அதை வாங்கி வந்தவன் மேல் பாதித் தப்பு விழும். அவனுக்கு அது பயம். பயந்த ஆம்பளைக்குப் பெண்டாட்டியைத் திட்டத்தான் தெரியும்.

வழியனுப்ப லிப்ட் வரை வந்தவள் மெதுவாகக் கேட்டாள்: "நீங்க சொன்ன அந்தப் புக்குல அடுப்பு மேலதான் தப்புன்னு எழுதுவாங்களா அக்கா? எனக்கு வேற ஒன்னும் வேணாம். வந்தவங்க போனவங்க எல்லாரும், ஏம்மா பாத்து செய்யக் கூடாதான்னு கேக்குறாங்க. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு."

"எழுத வெக்கிறேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அது ஒன்றும் பெரிய காரியமில்லை என்றுதான் நினைத்தேன். எங்கள் வரைவில் வழிந்து கொட்டுவதற்கு ஒரு சோதனை இருந்தது. கண்ணாடித் தட்டின் மேல் உப்புத் தண்ணீரை ஊற்றி, மின்சாரம் வெளியே கசிகிறதா என்று பார்ப்பது. ஊற்றின தண்ணீர் சர்ரென்று ஓடிக் கீழே இறங்கிவிடும், அடுப்பு தேறிவிடும். பால் அப்படி ஓடாது. நுரையாக விடாமல் வழிந்து, சூட்டில் திரண்டு, இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் பாலைக் கொதிக்கவிட்டு வழியவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் குழு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பால் பொங்கி வழிவது இயல்பான பயன்பாடு என்று. இயல்பான பயன்பாடு என்றால் அதைத் தாங்குகிற மாதிரி அடுப்பைச் செய்ய வேண்டியது செய்கிறவன் பொறுப்பு. தவறான பயன்பாடு என்றால் ஓர் எச்சரிக்கை வாசகத்தை ஒட்டிவிட்டு அவன் கையைக் கழுவிக்கொள்ளலாம்.

குழுவை எங்கள் கூடத்துக்கே வரச் சொல்லிச் செய்து காட்டினேன். கடையில் விற்கிற அடுப்புகளில் ஐந்தை வரிசையாக வைத்தோம். பானை என் வீட்டுப் பானை. எங்கள் டெக்னீஷியன் இம்ரான் பால் பெட்டிகளைப் பிரித்துக் கொடுத்தான். எல்லாரும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். பால் எழும்பி வழிந்தது. ஐந்தில் மூன்று அடுப்புகளில் மின்சாரம் சட்டத்துக்கு வந்தது. மூன்றாவதில், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கிற கூடத்தின் பிரேக்கரே டப்பென்று விழுந்தது. குழுத் தலைவர் இர்வான் ஓர் அடி பின்னால் போனார். பிறகு, இதே பிரேக்கர் அந்த அம்மாவின் வீட்டில் ஏன் விழவில்லை என்று கேட்டார். பழைய கட்டடம், பழைய பிரேக்கர், இந்த ஊரில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான் இருக்கின்றன என்றேன். அவர் முகத்தைப் பார்த்தபோது காரியம் முடிந்தது என்று நம்பினேன்.

மறுநாள் ஹோட்டலில் கூட்டம். அங்கேதான் மோகனராஜ் மைக்கை அழுத்தினார்.

மோகனராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் எனக்கு மேலதிகாரி, என்னை இந்தக் குழுவுக்குள் கொண்டுவந்தவரே அவர்தான். இப்போது அடுப்பு இறக்குமதி செய்கிற கம்பெனிகளுக்கு ஆலோசகர். பிறந்தது பாகான் டாலாமில். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். இப்போது தஞ்சோங் பூங்காவில் கடலைப் பார்த்த வீடு. மேலே வந்த மனிதர் என்று எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. உண்டு என்றா எழுதினேன், இருந்தது.

"நானும் இந்து. என் வீட்டிலும் பொங்கல் உண்டு," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். படித்த குடும்பங்களில் இப்போது யாரும் பாலை வழியவிடுவதில்லையாம். விளிம்புவரை எழும்பியதும் அடுப்பை அணைத்துவிடுவார்களாம். சடங்குக்கு அதுவே போதுமாம். தரையெல்லாம் வழியவிடுவது சமயத்தில் இல்லையாம், சிலரின் அறியாமையாம். அடுப்பில் எதையும் வழியவிடுவது எந்தச் சமூகமானாலும் கவனக்குறைவுதான் என்று முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நானும் மைக்கை அழுத்தினேன். பொங்கி வழியத்தான் பானையையே வைக்கிறோம், வழியாவிட்டால்தான் வீட்டில் முகம் வாடும், அந்தப் பெண் செய்ய வேண்டியதைச் செய்யவேண்டிய மாதிரிதான் செய்தாள் என்று மலாயில் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். ஷாஹிரா என் பக்கம் பேசினாள். பொங்கலை விடுங்கள், தன் அம்மா கஞ்சி வைத்தாலே வழிகிறது, வழியாத சமையல் எங்கே இருக்கிறது என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. இர்வான் மட்டும் சங்கடப்பட்டார். நல்ல மனிதர், யார் மனமும் புண்படக் கூடாது அவருக்கு. இது சமயம் சார்ந்தது, குழு தலையிடுவது சரியில்லை, நீங்கள் இருவரும் அதே சமூகம், பேசி ஒரு முடிவோடு வாருங்கள், நாங்கள் அதை மதிக்கிறோம் என்று தேநீர் இடைவேளை விட்டார். பிரேக்கர் விழுந்ததை அவரே கண்ணால் பார்த்திருந்தார். ஆனாலும் இது இந்தியர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதியாகிவிட்டது.

காப்பி மேசைக்குப் பக்கத்தில் மோகனராஜை மடக்கினேன்.

"அண்ணே, பாகான் டாலாம்ல ஒங்க அம்மா பொங்குனா பால் வழிஞ்சு காலுக்கடியில ஓடும்னு நீங்கதானே எங்கிட்ட சொன்னீங்க?"

"அது அந்தக் காலம்லா ஜெகா."

"இந்த வருசம் சுங்கை பினாங்ல வழிஞ்சிருக்கு. அந்தப் புள்ளைக்குக் கை போச்சுண்ணே."

"பாவந்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா நீ சொல்ற மாதிரி மாத்துனா, வர்ற மாடல் எல்லாத்தையும் திரும்ப டெஸ்டுக்கு அனுப்பணும். பாதிய நிறுத்தணும். வெல ஏறும். அப்ப என்ன சொல்வாங்க? இந்தியக்காரன் வருசத்துல ஒரு நாளு சாமி கும்பிடுறதுக்கு நாங்க ஏன் கூடக் குடுக்கணும்னு கேப்பாங்க."

"யாருண்ணே கேட்டா?"

"கேப்பாங்க."

"இதுவரைக்கும் கேட்டது நீங்க ஒருத்தருதாண்ணே."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். தோளைத் தொடுகிற மாதிரி குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ரூம்ல நம்ம ரெண்டு பேருதான் தமிழவங்க. அவங்க முன்னாடி மஞ்சள், கோலம்னு ஆரம்பிச்சா நம்மள என்னன்னு நெனைப்பாங்க? நான் ஒன்னு செய்றேன். வார்னிங்க நாலு மொழியில போடணும்னு கேக்குறேன். தமிழ்லயும் வரும். நேஷனல் ஸ்டாண்டர்ட்ல நம்ம மொழி வர்றது சின்ன விசயமா சொல்லு?"

அவர் என்னை ஏமாற்றப் பேசவில்லை. உண்மையாகவே அதைப் பெரிய பரிசு என்று நம்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காப்பியைக் குடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே அவர் தலைவரிடம் இருவரும் ஒத்துக்கொண்டோம் என்றார். நான் இல்லை என்றேன். என் ஆட்சேபத்தைக் குறிப்பில் ஏற்றிக்கொள்வதாக இர்வான் சொன்னார், மனதார நன்றியும் சொன்னார். பிறகு மற்றவர்களைச் சுற்றிப் பார்த்தார். இறக்குமதிக்காரர்கள் தலையாட்டினார்கள். மற்றவர்களுக்கு, ஓர் இந்தியர் அறியாமை என்று சொல்லிவிட்ட வழக்கத்துக்காக வாதாட என்ன தலைவிதி? பொங்கி வழிதல் தவறான பயன்பாடு என்று எழுதப்பட்டது. உப்புத் தண்ணீர்ச் சோதனை அப்படியே நின்றது.

தமிழ் வாசகத்தை நான் எழுதித் தர முடியுமா என்று இர்வான் கேட்டார். முடியாது என்றேன். மோகனராஜ் ஹோட்டல் பேனாவை எடுத்து அங்கேயே எழுதினார்: "உணவோ பாலோ பொங்கி வழிய விடாதீர்கள். அவ்வாறு பயன்படுத்துவது தவறான பயன்பாடாகும். அதனால் ஏற்படும் விளைவுகளுக்குப் பயனீட்டாளரே பொறுப்பு." நல்ல தமிழ்தான். பிழை ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது கோயில் நிர்வாகங்களுக்கும் சங்கங்களுக்கும் நானே ஆளாளாகப் போன் போட்டேன். ஒரு வரி எழுதிப் போடுங்கள், வழிவதுதான் எங்கள் வழக்கம் என்று சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். எல்லாரும் கட்டாயம் எழுதுகிறோம் என்றார்கள். வந்தது ஒரே ஒரு கடிதம். தமிழுக்கு இடம் தந்ததற்குக் குழுவுக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள். பத்திரிகையிலும் ஒரு செய்தி வந்தது. மோகனராஜ் மாலை போட்டுக்கொண்டு நிற்கிற படத்தோடு. கைதட்டி வாழ்த்தியவர்களில் எத்தனை பேர் அந்த வாசகத்தைப் படித்தார்கள் என்று தெரியவில்லை.

புத்தகம் ஒரு மாற்றமும் இல்லாமல் அச்சாகி வந்தது. நவமணியிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்தேன். என்ன சொல்வது? உன் பக்கம்தான் நியாயம், ஆனால் புத்தகம் வேறு மாதிரி வந்துவிட்டது என்றா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு வழியாகக் கிளம்பினேன். லிப்ட் அன்றைக்கு ஓடியது.

கதவைத் திறந்த நவமணி சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அடுக்களைக்குக் கூட்டிப்போய் ஸ்டூலைப் போட்டாள். சோறு ரைஸ் குக்கரில் வெந்துகொண்டிருந்தது. இடது கையால் வெங்காயம் நறுக்கப் பழகியிருந்தாள்.

"நீங்க வருவீங்கன்னு தெரியும் அக்கா. இவரு போன வாரம் கடையில புது அடுப்பப் பாத்துருக்காரு. அதுல தமிழ்ல எழுதியிருக்காம். போட்டோ புடிச்சுட்டு வந்து காட்டுனாரு," என்றாள்.

"நவமணி, அத நம்பாத. நான் சொல்றதக் கேளு. அஞ்சு அடுப்புல மூனு கெட்டுப் போச்சு, நானே டெஸ்ட் பண்ணேன். ஒன்னோடது மாதிரியே. அடுப்பு மேலதான் தப்பு."

"அப்ப ஏன் அப்படி எழுதியிருக்காங்க?"

"நான் வேணாம்னுதான் சொன்னேன். யாரும் கேக்கல."

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தாள். என்மேல் கோபமில்லை, பரிதாபம்தான் இருந்தது.

"எனக்காகச் சொல்றீங்க. தெரியும் அக்கா. ஆனா பெரிய படிப்புப் படிச்சவங்க அத்தன பேரு உக்காந்து யோசிச்சு எழுதியிருக்காங்க. நீங்களும் அதுல இருந்தீங்க. நம்மாளு ஒருத்தரும் இருந்தாராமே, பேப்பர்ல போட்டுருந்துச்சு. தமிழ்லயே தெளிவா இருக்கு. பால வழிய விடக் கூடாதுன்னு. நான் விட்டேன்ல."

"பொங்கலுக்கு வழியத்தானே விடணும்!"

"அது முன்ன. இப்பத்தான் தப்புன்னு சொல்லிட்டாங்களே." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "இத்தன நாளா அடுப்பா நானான்னு ராத்திரியெல்லாம் யோசிச்சு யோசிச்சு மண்ட காஞ்சு போச்சு. இப்ப தெரிஞ்சிருச்சு. நிம்மதியா இருக்கு, சத்தியமா."

நான் இன்னும் ஏதேதோ சொன்னேன். உப்புத் தண்ணீர், சட்டம், இடுக்கு, பிரேக்கர். அவள் சரி அக்கா, சரி அக்கா என்று கேட்டுக்கொண்டாள். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"என்னங்க, அக்கா வந்துருக்காங்க. பேசிட்டோம். என் மேலதான் தப்பு."

குணாளன் எழுந்து அடுக்களை வாசலில் வந்து நின்றான். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையை அசைத்தான். அவன் அவள் பக்கத்தில் போய் வெங்காயத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சரி விடுலா நவா, தெரியாம செஞ்சது தானே," என்றான். "குடு, நான் நறுக்குறேன். நீ உக்காரு."

அந்த வீட்டில் அவன் அவளிடம் அன்பாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.